சூடம் அணைக்காத சாட்சி

காலையிலிருந்து தண்டாயுதபாணி ஒரு வரிகூட எழுதவில்லை. திண்டுக்கல்லில் தத்துவ வாத்தியார். கல்லூரியில் தமிழிலேயே பாடம் வந்துவிட்டதால், ஒழுக்கச் சிந்தனையின் வரலாற்றுக்கு ஓர் அறிமுக நூல் எழுத லீவு போட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு வந்திருந்தார். கிரேக்கர்களைச் சுலபமாகத் தாண்டிவிட்டார். யாருக்காகவும் பொய் கூடாது என்ற ஜெர்மன்காரரிடம் வந்ததும் பேனா படுத்துக்கொண்டது.

முந்தாநாள் விடியலில் யாரோ முறை தப்பிக் குளத்து மடையைத் திறந்துவிட, கடைசி வயல்களுக்கு வைத்திருந்த தண்ணீர் போய்விட்டது. பழி மடைக்காவல் பொம்மையன் தலையில்; இன்று சாயங்காலம் கோயில் வாசலில் விசாரணை. திறந்தது இவருடைய அண்ணன் பொன்னுத்துரை. வரப்பில் நின்று கண்ணாரப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

"நெலத்த வித்து ஒன்னயப் படிக்க வெச்சேன் தம்பி. பாக்கலைன்னு ஒத்த வார்த்த சொல்லு, போதும்" என்றார் அண்ணன்.

உட்கார்ந்தார், எழுந்தார், முற்றத்துக்கும் அறைக்குமாக அலைந்தார். பலருக்கு நன்மையானதே சரி என்ற இங்கிலீஷ்காரரைப் புரட்டினார். அவரும் அண்ணன் பக்கம் வரவில்லை.

ஒன்றை மட்டும் நம்பியிருந்தார். அந்த ஊரில் சாட்சி சொல்பவன் கோயில் வாசலில் எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். வகுப்பில் அதை மூடநம்பிக்கை என்று நக்கலடித்த மனுஷர், இன்று அதன் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டார். நெருப்புக்கு முன்னால் பொய் வராது. அண்ணனிடமும் சாமிக்குப் பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சாயங்காலம் ஊர் கூடியது. பொம்மையனே, "நான் மடைய அடைச்சுட்டு வீட்டுக்கு வரையில வாத்தியாரய்யா அங்கிட்டுத்தேன் நின்னாரு. அவரையே கேளுங்க. அவரு சொல்றதுக்குக் கட்டுப்படுறேன்" என்றான்.

தண்டாயுதபாணி சூடத் தட்டுக்குக் கையை நீட்டினார். ஊர்ப் பெரியவர் கண்ணுசாமி தட்டை நகர்த்திவிட்டார்.

"இவருக்கு எதுக்கப்பா சூடம்? நீதியப் பத்திப் புஸ்தகமே எழுதுறாரு. வாய்ச் சொல்லு போதும்."

கூட்டம் தலையாட்டியது. அண்ணன் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பொய்யைத் தடுக்க ஒன்றுமில்லை, இவரைத் தவிர.

"நான் பாக்கல" என்றார்.

பொம்மையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான்.

"வாத்தியாரய்யா பொய் சொல்ல மாட்டாரு. நாந்தேன் மடைய ஒழுங்கா அடைக்காம வந்திருப்பேன் போல."