கற்பிட்டியில் பெண் பார்த்தது

கொழும்பிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டில் இருந்து, பலகாரம் தின்று, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். மாப்பிள்ளையின் உம்மா, தெஹிவளை றைஸாவுக்கு அது போதவில்லை.

"நாங்க எப்பிடியும் கற்பிட்டி பாக்க வர இருந்த, தங்கச்சி. நீங்களும் மகளும் எங்களோட வாங்க. ஒரு நாள் ஒண்டாச் சுத்தினாத்தான் ஆளையாள் விளங்கும்," என்று போனில் சொன்னாள். "மகன் ஒரு ஹோட்டல்ல புக் பண்ணியிருக்கார். டொல்பின் பாக்கப் போட், பகல் சாப்பாடு எல்லாம் அவங்கட பொறுப்பு."

"எந்த ஹோட்டல் தாத்தா?" என்று பெண்ணின் உம்மா மர்ளியா கேட்டாள். அவர்கள் பக்கம் அக்காவைத் தாத்தா என்றும் அண்ணனை நானா என்றும்தான் கூப்பிடுவார்கள்.

"பேர் எனக்கு வாயில வரல்ல. கடலோரமா ஏதோ."

மர்ளியா அதற்கு மேல் கேட்கவில்லை. கற்பிட்டிக் கரையில் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ ஹோட்டல்கள். அதில் ஒன்றில் அவள் மூன்று வருஷமாக விரிப்பும் துவாயும் துவைத்துக்கொண்டிருந்தாள். லொறி ஓட்டிய கணவன் இனாஸ் நெஞ்சுவலியில் போன பிறகு, நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருந்து முடித்து அவள் தேடிக்கொண்ட வேலை அது. விடியற்காலை புத்தளம் தில்லையடியிலுள்ள வீட்டிலிருந்து பஸ் ஏறி, மாலையில் திரும்புவாள். மகள் ஹஃபீலா கல்வியியற் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தாள். சம்பந்தம் பேசிய முத்தலிபு நானாவிடம் மர்ளியா முதலிலேயே கெஞ்சியிருந்தாள்: "ஹோட்டல் கதை மட்டும் வேணாம் நானா. உம்மா வீட்டில தையல் தைக்கிறா எண்டு சொல்லுங்க." அவர், "சரி, சரி, அத நான் பாத்துக்கொள்றன்," என்றார்.

மாசி மாதம். சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு வான் வாசலில் நின்றது. றைஸா, மகன் அஸ்மின், மகள் சப்னா, மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். அஸ்மினுக்குக் கப்பல் கொம்பனி ஒன்றில் வேலை. அதிகம் பேசாத பிள்ளை. ஹஃபீலா ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மர்ளியாவுக்கு அது பிடித்தது.

பாலாவியில் திரும்பி, உப்பளங்களைக் கடந்து, நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தபோது சப்னா கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தாள். மர்ளியா தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் பாதை. எந்தத் திருப்பத்தில் பள்ளம், எந்த இடத்தில் நேவிக்காரன் மறிப்பான் என்று அவளுக்கு மனப்பாடம். "காத்தாடி எத்தின இருக்கு இந்தப் பக்கம்?" என்று காற்றாலைகளைக் காட்டி றைஸா கேட்டபோது, "தெரியல்ல தாத்தா, நாங்க இந்தப் பக்கம் வாற குறைவு," என்றாள். ஹஃபீலா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்குழிப் பக்கம் வந்து, தென்னந்தோப்புக்குள் போகும் மணல் பாதையில் வான் திரும்பியது. மர்ளியா வேலை செய்யும் ஹோட்டலுக்குப் போகும் அதே பாதை. அதே பச்சைக் கேற். சால்வையின் நுனியை இழுத்து மூக்கை மூடினாள்.

"தூசியா?" என்று றைஸா கேட்டாள்.

"ஓம். எனக்கு ஒத்துக்கொள்ளாது."

அவள் பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. முன்வாசலில் நின்றவர்கள், வரவேற்பில் குளிர்ந்த ஜூஸ் நீட்டியவர்கள், ஒருவருக்கும் அவளைத் தெரியவில்லை. துவைக்கிறவர்கள் பின்கேற்றால் வந்து பின்கேற்றால் போகிறவர்கள். நீலச் சட்டையும் தொப்பியும் இல்லாமல் அவளை அடையாளம் காண, முன்பு யாராவது அவளுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மூன்று வருஷத்தில் அவர்கள் பார்த்ததில்லை. அன்றைக்கு அது அவளுக்கு உதவியாக இருந்தது.

ஒருத்திக்குத்தான் அவள் பயந்தாள். பள்ளிவாசல்துறை ஜுனைதா. மீன்பிடிக்காரன் ஒருவனின் மனைவி, மர்ளியாவோடு ஒரே மெஷினில் நிற்பவள். ஹஃபீலாவுக்கு டெங்கு வந்து புத்தளம் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தபோது, மர்ளியாவின் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடக்கூடாதென்று ஒன்பது நாளும் இரண்டு பேருடைய வேலையையும் தனியாகச் செய்தவள். ஹஃபீலா அவளைச் சாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம்கூட மர்ளியா இந்தச் சம்பந்தத்தைச் சொல்லவில்லை. பேச்சு முற்றாகுமுன் வெளியே போனால் கண்ணூறு படும் என்று பயம். கண் காட்டச் சிலாபம் போகிறேன் என்று சொல்லித்தான் லீவு எடுத்திருந்தாள்.

துவாய் அடுக்கிக் கரைக்குக் கொண்டுவருவது இந்த மாதம் ஜுனைதாவின் முறை. ஒன்பதரைக்குத்தான் வருவாள். அதற்குள் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போய்விடலாம் என்று மர்ளியா கணக்குப் போட்டுக்கொண்டு படகில் ஏறினாள்.

கரை மறைந்து அரைமணி நேரத்தில் டொல்பின்கள் வந்தன. முதலில் நான்கைந்து, பிறகு எண்ண முடியவில்லை. படகின் இரண்டு பக்கமும் முதுகைக் காட்டி ஓடின. ஒன்று தண்ணீருக்கு மேலே எழும்பிச் சுழன்று விழுந்தபோது ஹஃபீலா தன்னை மறந்து அஸ்மினின் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். மர்ளியா அதைப் பார்த்தாள். இந்தக் கடலுக்குப் போய் நனைந்து வந்தவர்களின் உப்பையும் மணலையும் மூன்று வருஷமாகக் கழுவியிருக்கிறாள், இதைப் பார்த்ததில்லை. இனாஸ் இருந்திருந்தால் என்று நினைத்தாள். கடைசியில் எல்லாம் சரியாக வரும் என்றும் நினைத்தாள்.

எதிர்க்காற்று எழும்பியதால் படகு பிந்தித்தான் திரும்பியது. கரையில் இறங்கும்போது ஒன்பது மணி நாற்பது. தென்னைமரத்தின் கீழ் மேசை போட்டு, துவாய்களை அடுக்கிக்கொண்டு ஜுனைதா நின்றாள்.

அவளுடைய முகம் முழுக்க மலர்ந்தது. "தாத்தா, சிலாபம் போற எண்டீங்க?"

மர்ளியா காலில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"தெரிஞ்ச ஆளா?" என்று றைஸா கேட்டாள்.

"இல்ல. ஆள மாறிக் கூப்பிடுறா போல."

ஜுனைதா மர்ளியாவைப் பார்த்தாள். பிறகு ஹஃபீலாவைப் பார்த்தாள். ஹஃபீலா வாயைத் திறந்தாள். உம்மாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். ஜுனைதா ஆளுக்கொரு துவாயாக எடுத்துக் கொடுத்தாள்.

சப்னா தன்னுடையதை முகத்தில் ஒற்றிவிட்டு உடனே எடுத்தாள். "இது ஈரம். ஒரு மாதிரி வாசமும் வருது. இதையா ஆக்களுக்குக் குடுக்கிற?"

முந்தின நாள் பின்னேரம் அந்த அடுக்கை மடித்து வைத்தது மர்ளியா. வீட்டுக்குப் போய்ப் பலகாரம் சுட வேண்டும் என்ற அவசரத்தில், முழுக்கக் காய விடாமல் மெஷினிலிருந்து எடுத்து மடித்திருந்தாள். ஜுனைதாவுக்கு அது தெரியும். பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் விடுவமே தாத்தா," என்று சொன்னவளே அவள்தான்.

சப்னாவின் சத்தத்துக்கு மேற்பார்வையாளர் வந்துவிட்டார். சிங்களத்தில் கேட்டார், யார் மடித்தது என்று.

"நான்தான் சேர். பிழை வந்திட்டுது," என்று ஜுனைதா சொன்னாள்.

அவர் கொப்பியை எடுத்து அவளுடைய பெயரை எழுதினார். மர்ளியாவின் கையிலிருந்த துவாயும் ஈரமாகத்தான் இருந்தது. அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க தாத்தா, சாப்பிடப் போவம்," என்று றைஸாவை அழைத்தாள். றைஸா ஒரு கணம் நின்று அவளைப் பார்த்தாள். பிறகு வந்தாள்.

பகல் கற்பிட்டிக் கோட்டையைப் பார்த்தார்கள். ஒல்லாந்தன் கட்டிய சுவரை நேவிப் பெடியன் ஒருவன் சுற்றிக் காட்டினான். திரும்பும் வழியில் தலவிலக் கத்தோலிக்கக் கோயிலில் இறங்கினார்கள். பெருநாட் காலமில்லை, மைதானம் வெறுமையாகக் கிடந்தது. பிள்ளைகள் கடற்கரைக்கு இறங்கிப் போக, தாய்மார் இருவரும் மரநிழலில் சீமெந்து வாங்கில் அமர்ந்தார்கள்.

"புத்தளம்தானே உங்கட சொந்த ஊர்?" என்று றைஸா கேட்டாள்.

"இல்ல தாத்தா. மன்னார். எருக்கலம்பிட்டி. தொண்ணூறில, இயக்கம் முஸ்லிம் ஆக்கள வெளிய போகச் சொன்ன நேரம் வந்தது. எனக்கு அப்ப பதினொரு வயசு."

"ஆ. எப்பிடி வந்த?"

"வள்ளத்தில. இந்தக் கற்பிட்டியிலதான் கொண்டுவந்து இறக்கினாங்க."

"அங்க காணி பூமி?"

"இருக்கு. காடு மண்டிப் போய்க் கிடக்கு. ஆக்கள் போய்ப் பாத்துட்டு வாறாங்க. எங்களுக்கு இப்ப எல்லாம் தில்லையடிதான்."

"அப்ப அகதியா வந்த ஆக்கள்," என்றாள் றைஸா. குத்திக் காட்டும் குரல் இல்லை. கடையில் துணியைத் தொட்டுப் பார்த்து இது நூல், இது பொலியெஸ்டர் என்று சொல்வது போலச் சொன்னாள்.

முப்பத்தைந்து வருஷம். மர்ளியா இந்த ஊரில் படித்தாள், கலியாணம் முடித்தாள், பிள்ளை பெற்றாள், புருஷனை அடக்கம் செய்தாள். அடையாள அட்டையில் புத்தளம்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு அவளுக்குக் கோபம் வரவில்லை. காலையிலிருந்து அவளுக்குள் இருந்த பயம் வேறு ஒன்றைப் பற்றியது. அது தப்பிவிட்டது என்ற நிம்மதியில் இதை அவள் பெரிதாக எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு முத்தலிபு நானா போன் எடுத்தார்.

"நஸீப் இல்ல தங்கச்சி. அவங்க வேற இடம் பாக்கப் போறாங்களாம்."

மர்ளியா கதிரையில் உட்கார்ந்தாள். "ஹோட்டல் கதை தெரிஞ்சிட்டுதா நானா?"

"ஹோட்டல் கதையா? அத நான் முதல் நாளே சொல்லிட்டன். மறைச்சுப் பேசினா நாளைக்கு என்னையல்லோ பிடிப்பாங்க. அவங்க அதுக்கு ஒரு சொல்லும் சொல்லல்ல. உழைச்சுப் பிள்ளையப் படிப்பிச்ச உம்மா, நல்லதுதானே எண்டாங்க."

"எந்த ஹோட்டல் எண்டும் சொன்னீங்களா?"

"ஓம். பேரையும் சொன்னன்."

"அப்ப ஏன் நானா அங்கயே கூட்டிப் போனாங்க?"

"உங்களுக்குப் பழகின இடம், லேசா இருக்கும் எண்டு நினைச்சிருப்பாங்க. நான் என்னத்தக் கண்டன்."

"அப்ப என்னதான் காரணம்?"

"அவங்கட மாமாமார் ஊர் பாக்கிற ஆக்கள். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதெண்டா எந்த ஊருக்குப் போற எண்டு கேட்டாங்களாம். இடம்பெயர்ந்த ஆக்கள் வேணாமெண்டு முடிவாம். பிள்ளையில ஒரு குறையுமில்ல எண்டு சொல்லச் சொன்னாங்க."

போனை வைத்த பிறகுதான் மர்ளியா அன்றைய காலையை யோசித்தாள். தெரிஞ்ச ஆளா என்று கேட்டபோது றைஸாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது. கெடுவது எப்படியும் கெட்டது.

லீவு முடிந்து மறுநாள் வேலைக்குப் போனாள். ஜுனைதா மெஷினில் நின்றாள். கொப்பியில் பெயர் ஏறியதால் அவளுடைய இரண்டு வெள்ளிக்கிழமை லீவு வெட்டுப்பட்டிருந்தது. பள்ளிவாசல்துறையில் அந்த வெள்ளி அவளுடைய தம்பியின் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாள். மர்ளியா பக்கத்தில் போய், நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். சம்பந்தம், பயம், போன் வந்தது, எல்லாம். அழுதாள். மேற்பார்வையாளரிடம் போய் மடித்தது நான்தான் என்று சொல்வதாகவும் சொன்னாள்.

"சொல்ல வேணாம்," என்றாள் ஜுனைதா. "நீங்க ஏன் அழுறீங்க? நான்தானே ஆள மாறிக் கூப்பிட்டது."

தாத்தா என்ற சொல் அவளுடைய வாயில் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. அடுத்த கிழமை அவள் கேட்டு வாங்கிக்கொண்டு குசினியில் சமையல் பக்கம் மாறிப் போனாள்.

பங்குனியில் கல்லூரி விடுமுறைக்கு வந்த ஹஃபீலா, ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறிப் பள்ளிவாசல்துறைக்குப் போனாள். பின்னேரம் வந்து, சோறு தின்ன உட்கார்ந்தாள்.

"சாச்சி என்ன சொன்னா?" என்று மர்ளியா கேட்டாள்.

"நான் மன்னிப்புக் கேட்டன். நானும் வாயத் திறக்கல்லத்தானே. சின்னப் பிள்ள, விடு எண்டாங்க. மீன் பொரிச்சுத் தந்தாங்க. கொலிஜ் முடிய இன்னும் எத்தின மாசம் எண்டு கேட்டாங்க."

"என்னப் பத்தி?"

ஹஃபீலா சோற்றைப் பிசைந்தாள். "உங்களப் பத்திக் கேப்பாங்களா எண்டு நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தன் உம்மா. ஒண்டும் கேக்கல்ல."