தழும்பை மறைத்த அட்டை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். புத்தி மட்டும் ரொம்பத் தாமதமாகத்தான் வரும்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் பிரேம் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், செத்தவர் படம், கல்யாணப் படம் எல்லாம் என் கையால்தான் கண்ணாடிக்குள் போகும். என் மனைவி துர்கா ஓவியப் பள்ளி ஒன்றில் பெருக்கித் துடைக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தேன். முதலில் அந்த வேலைக்குத்தான் போனாள். போன வருஷம் அங்கேயே, மாணவர்கள் வரைவதற்காக உடுப்பில்லாமல் உட்கார ஆரம்பித்தாள். என்னிடம் மறைக்கவில்லை.

"கதவ சாத்திடுவாங்க. யாரும் கிட்ட வரமாட்டாங்க. எவ்ளோ மரியாதயா நடத்தறாங்க தெரியுமா?"

"எனக்கு மானம் போவுதுடி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அவள் போவதை நிறுத்தவில்லை. அன்றிலிருந்து நான் சுவரைப் பார்த்துப் படுப்பேன், அவள் கதவைப் பார்த்துப் படுப்பாள். சாயங்காலம் வந்ததும், "இன்னிக்கி எத்தன பேரு பாத்தானுங்க?" என்று குத்துவேன். "பதினோரு பேரு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போவாள்.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பள்ளியில் படிக்கும் சரிதா என்ற பெண் ஒரு படம் கொண்டுவந்தாள். கண்காட்சிக்காம். துர்கா என் பெண்டாட்டி என்று அவளுக்குத் தெரியாது. அவள் போன பிறகு தாளைப் பிரித்தேன். கரியில் வரைந்த ஒரு பெண்ணின் முதுகு. இடது தோள்பட்டைக்குக் கீழே நாலு விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு.

முகம் எனக்கு எதற்கு? அந்தத் தழும்பைப் போட்டவனே நான்தானே! ஏழு வருஷத்துக்கு முன்னால், சட்னியில் உப்பில்லை என்று, கல்லில் காய்ந்துகொண்டிருந்த தோசைக் கரண்டியை எடுத்து வீசினேன். திரும்பி ஓடியவளின் முதுகில் பட்டது. ஆஸ்பத்திரியில் அவளே, "அப்பளம் பொரிக்கறப்ப எண்ண தெறிச்சிடுச்சி" என்று சொன்னாள். அப்புறம் ரவிக்கை மறைத்துக்கொண்டது. நானும் மறந்துவிட்டேன், வெட்கங்கெட்டவன்.

படத்தைச் சுற்றி ஒரு வெள்ளை அட்டை வைப்போம். மவுண்ட் என்று பெயர். அதன் நடுவில் ஜன்னல் மாதிரி வெட்ட வேண்டும். அந்த ஜன்னலை இடது பக்கம் நாலு அங்குலம் குறுக்கி வெட்டினேன். தழும்பு அட்டைக்கு அடியில் போய்விட்டது. அப்பாடா என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை சரிதா வந்தாள்.

"என்னாண்ணா இது, தழும்ப மறைச்சிட்டீங்களே! படமே அதுதான்."

"அட்ட அளவு அவ்ளோதாம்மா."

"சும்மா சொல்லாதீங்கண்ணா. அந்த அக்காகிட்டயே கேட்டோம். அப்பளம் பொரிச்சப்ப எண்ண தெறிச்சிடுச்சின்னாங்க. முதுகுல எப்பிடித் தெறிக்கும்? அதுக்கு மேல நாங்க யாரும் கேக்கல."

பதினோரு பேரும் வாராவாரம் என் கை செய்த வேலையை உற்றுப் பார்த்து வரைந்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து துர்கா வீட்டுச் சாவி வாங்க வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க எங்க இங்க?"

"எங்க வீட்டுக்காரரு கடதாம்மா."

சரிதா என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை.

துர்கா அட்டையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நான் துணியில்லாம ஒக்கார்றதுதான் ஒனக்கு வெக்கம்னு நெனச்சேன்யா. இப்ப ஒன்னயில்ல மறைச்சிக்கிற!"

"இப்பவே சரியா வெட்டித் தர்றேன்" என்று அட்டை வெட்டும் கத்தியை வெடுக்கென்று எடுத்தேன். துர்கா இடது தோளை ஒடுக்கிக்கொண்டு ரெண்டடி பின்னால் போனாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, உடம்பு தானாகப் போனது. சரிதா எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

கடவுளே, அப்படியே செத்துப்போகலாம் போல இருந்தது. கத்தியை மேஜையில் வைத்தேன். ரெண்டு கையையும் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

"எண்ண இல்லம்மா, தோசக் கரண்டி" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "நாந்தான் வீசினேன்."

துர்கா சரிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க வெளிய நிக்கறோம்" என்றாள். "அதுக்கப்பறம் கத்திய எடு."