உன்னை எது தின்னுது

ரோஸ்மேரிக்கு அந்த வேலை இரண்டு நாளைக்குத்தான். பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர் நிலைமையை ஆடிட் செய்ய ஹெலன் என்றொரு அம்மாளை அனுப்பியிருந்தது. அவர் கேட்பதைத் தொழிலாளர்களுக்குத் தமிழில் சொல்லி, அவர்கள் சொல்வதை இங்கிலீஷில் திருப்பிச் சொல்ல வேண்டும். எம்.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள் ரோஸ்மேரி. நாங்குநேரிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா இதே முதலாளியின் இன்னொரு யூனிட்டில் செக்கிங்கில் இருந்தாள்.

பொங்கலூர் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்த யூனிட். முதல் நாள் காலையில் மேனேஜர் திருமூர்த்தி அவளைத் தனியாக உட்காரவைத்து காபி கொடுத்தார். பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை.

“கேக்கறதுக்கு மட்டும் பதில் வாங்கிச் சொல்லுங்க அம்மிணி. கூடக் கொறைய ஒண்ணும் வேண்டாமுங்க. உங்கம்மா நம்மகிட்ட இருக்கறவங்கதானுங்களே.”

ரோஸ்மேரி பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்தாள்.

அன்று பேசியவர்கள் அத்தனை பேரும் ஒரே பாடத்தை ஒப்பித்தார்கள். எட்டு மணி நேர வேலை, ஞாயிறு லீவு, பதினெட்டு வயசுக்குக் கீழே யாரும் இல்லை. வார்த்தைகூட மாறவில்லை. ரோஸ்மேரி அப்படியே மாற்றிச் சொன்னாள். ஹெலன் எழுதிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் ஹெலன் ஆபீஸ் அறையில் சாப்பிட மாட்டேன் என்று கேண்டீனுக்கு வந்துவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்தவள் செல்லத்தாய். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கி, தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டுபவள். சோற்றை உருட்டுவதும் தட்டிலேயே போடுவதுமாக இருந்தாள். இடது கை மடிக்குள் மூடியே இருந்தது. கண் மட்டும் நிமிஷத்துக்கொரு தரம் ஜன்னல் வழியாக வெளியே போனது. அங்கே முற்றத்துக்கு அப்பால் நூல் குடோனின் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. திருமூர்த்தி கைகழுவும் குழாயருகே காது கேட்கும் தூரத்தில் நின்றிருந்தார்.

ஹெலன் அந்தப் பெண்ணைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “வாட்ஸ் ஈட்டிங் யூ?”

ஈட்டிங் என்ற சொல் காதில் விழுந்ததும் சாப்பாட்டைப் பற்றிய கேள்வி என்று திருமூர்த்தியின் முகம் தளர்ந்தது. மனசை எது அரிக்கிறது என்று ஹெலன் கேட்பது ரோஸ்மேரிக்குத்தான் புரிந்தது. அவளுக்கு அந்தச் சொல்லின் பூர்வீகமே தெரியும். கல்லூரியில் பரீட்சைக்குப் படித்தது. பழைய இங்கிலீஷில் ஈட் என்பதோடு ‘முழுக்க’ என்னும் பொருளில் முன்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்த்து, மிருகம் மிச்சமில்லாமல் தின்பதைச் சொன்னார்கள். அது தேய்ந்து ‘ஃப்ரெட்’ ஆயிற்று. பிறகு அரிப்பதும் அரித்துத் தின்பதும் அந்தச் சொல்லுக்கு வந்தது, கடைசியில் கவலை மனசைத் தின்பதும் வந்தது. இன்று அதைச் சொல்கிறவர்களுக்கு உள்ளே ஒரு தீனி இருப்பதே தெரியாது. அதே பாதையில்தான் இந்தக் கேள்வியும் வந்திருந்தது. தமிழில் அதற்கு அலையவே வேண்டாம். கவலை ஆளைத் தின்னுது என்று ஊரில் எல்லாரும் சொல்வதுதான். அதனால் புரியவில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

அம்மாவை நினைத்துக்கொண்டாள். “என்ன சாப்பிடுதேன்னு கேக்காங்க” என்றாள்.

காலையில் இட்லி, மத்தியானம் சாம்பார் சோறு, வாரத்தில் இரண்டு நாள் முட்டை என்று செல்லத்தாய் ஒப்பித்தாள். ரோஸ்மேரி அதைச் சொன்னதும், ஹெலன் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு ரோஸ்மேரியைப் பார்த்தார். நான் கேட்டது அதுவா என்றார்.

செல்லத்தாயின் கண் மறுபடி ஷட்டருக்குப் போயிற்று. அவள் உதடு வெளுத்திருந்தது. தன்னுடைய பயம் அதற்குப் பக்கத்தில் நிற்காது என்று ரோஸ்மேரிக்குத் தோன்றியது. திருமூர்த்தி இருக்கும் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

“நான் மாத்திச் சொல்லிட்டேன் தாயி. உன்னை எது போட்டுத் தின்னுதுன்னுதான் இந்தம்மா கேட்டாங்க.”

அந்தப் பெண் மூடிய கையைத் திறந்தாள். மாத்திரை அட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

“தங்கச்சி குடோனுக்குள்ள கெடக்காக்கா. சின்னப்பிள்ளைய எல்லாத்தையும் காலைலயே உள்ள போட்டுப் பூட்டிட்டாங்க. அவளுக்கு இளைப்பு உண்டும். மாத்திரை எங்கிட்டல்லா இருக்கு.”

திருமூர்த்தி நெருங்கி வருவதற்குள் ரோஸ்மேரி அதை இங்கிலீஷில் சொல்லி முடித்துவிட்டாள். ஹெலன் எழுந்து நேரே குடோனுக்கு நடந்தார். சாவி ஸ்டோர் கீப்பரிடம் இருக்கிறது, அவர் காதர்பேட்டை போயிருக்கிறார் என்றார் திருமூர்த்தி. போலீஸுக்குப் போன் போடுகிறேன் என்று ஹெலன் செல்போனை எடுத்ததும் சாவி வாட்ச்மேன் இடுப்பிலிருந்து வந்தது.

ஷட்டர் ஏறியபோது உள்ளேயிருந்து அனல் அடித்தது. ஜன்னல் கிடையாது. நூல் மூட்டைகளுக்குப் பின்னால் ஐந்து சிறுமிகள். நாலு பேர் எழுந்து வெளிச்சத்துக்குக் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். ஒருத்தி எழவில்லை. முழங்காலில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சு விசில் மாதிரி கேட்டது. நகங்கள் நீலமாக இருந்தன.

ஹெலன் வந்த காரிலேயே அவளைப் பல்லடம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்காவின் மடியில் தலை. வழியில் ஒருமுறை அந்த விசில் சத்தம் நின்றது. பிறகு மெல்லத் திரும்ப வந்தது. ஆக்ஸிஜன் வைத்து, சாயங்காலம்தான் பிள்ளை தெளிவாகப் பேசினாள்.

ஆர்டர் நின்றது. அதிகாரிகள் வந்து சிறுமிகளை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். அடுத்த வாரமே ரோஸ்மேரியின் அம்மாவுக்கு இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மா மகளைத் திட்டவில்லை. யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்காதே என்று மட்டும் சொன்னாள்.

அக்காவும் தங்கையும் ஊருக்குப் போகும் நாளில் ரோஸ்மேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். கம்பெனி ஆட்கள் யாராவது வந்து மறித்துவிடுவார்களோ என்று பஸ் புறப்படும்வரை படிக்கட்டருகிலேயே நின்றாள். யாரும் வரவில்லை. பஸ் போன பிறகும் வழக்கமான தெருவில் திரும்ப அவளுக்குத் துணிவில்லை. சுற்றுவழியில், கூட்டத்தோடு கூட்டமாக நடந்தாள்.