தாடைக் கட்டு

காலையில் கண் விழித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். தண்ணீர் ஊற்றித்தான் அதைப் பிரிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மனைவி மலிகாவிடம் டீ கேட்கவே முடியும். நான் உயிரோடு இருப்பதற்காகவாம் இந்த சிபேப் மெஷின்.

எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பட்டப்பகலில் கேபினிலேயே கண் சொக்கிவிட்டது. பெட்டி அந்தரத்தில் ஆடியது. யாருக்கும் கீறல்கூட இல்லை, ஆனாலும் கம்பெனி டாக்டர் பிடித்துக்கொண்டார். ராத்திரி முழுக்க மூக்கில் மாஸ்க் மாட்டி, மெஷின் அடிக்கும் காற்றோடு தூங்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மெஷினில் பதிந்திருப்பதைப் பார்ப்பேன், சரியாக இருந்தால் மறுபடி கிரேன் என்றார். அதுவரை கேட்டில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீல் பார்க்கிற வேலை. பதினெட்டு வருஷம் மேலே உட்கார்ந்து கடலைப் பார்த்தவனுக்கு லாரிப் புகையைக் கொடுத்தார்கள்.

மாஸ்க் மூக்குக்கு மட்டும்தான். தூக்கத்தில் வாய் திறந்துகொண்டால் அடித்த காற்றெல்லாம் வாய் வழியே போய்விடும். வாயும் காயும், மூச்சும் நிற்கும். மெஷின் விற்றவன், காற்றை ஈரமாக்கும் தண்ணீர் டப்பாவின் சூட்டைக் கூட்டச் சொன்னான். குழாயில் நீர் கோத்து மூக்கில் ஊற்றியதுதான் மிச்சம். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கல்கண்டு, நெய், ஏலக்காய். பக்கத்து டோல்கேட் ஏரியாவில் இத்தனை டாக்டர் போர்டு எதற்குத் தொங்குகிறதோ தெரியவில்லை.

கடைசியில் வாயை மூடிவைக்கத் தாடைப் பட்டை ஒன்று வாங்கினேன். ராயபுரத்துப் புழுக்கத்தில் அதன் ஸ்பாஞ்சு கன்னம் முழுக்க வேர்க்குருவைக் கிளப்பிவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய வெள்ளைக் கைலியைக் கிழித்தேன். மோவாய்க்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டேன். மறுநாள் காலை வாயில் எச்சில் ஊறியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. மறுபடி வாய் காய்ந்தது. துணி தலையணைக்கு அடியில் கிடந்தது. முடிச்சு நழுவுகிறது என்று இறுக்கிக் கட்டினேன். காதோரம் தோல் வழன்றது, வாய் மட்டும் காய்ந்துகொண்டே இருந்தது.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் மெஷின் பதிவைப் பார்த்தார். ராத்திரிக்கு ராத்திரி காற்று வாய் வழியே போயிருக்கிறது, மூச்சும் நின்றிருக்கிறது என்றார். துணி கட்டித்தான் தூங்குகிறேன் என்றேன். கட்டியிருந்தால் வாய் எப்படித் திறக்கும் என்று கேட்டார். பொய்யனைப் பார்க்கிற பார்வை. அந்த வாரமே என் கிரேனில் செங்குட்டுவனை ஏற்றிவிட்டார்கள். நான் கை பிடித்து லீவர் சொல்லிக்கொடுத்த பையன். அவன் மேல் தப்பில்லை. இருந்தாலும் அவன் முகத்தில் விழிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்கு மறுநாள் காலை, தலையணையைத் தூக்கினபோதுதான் உறைத்தது. துணி நான்காக மடித்து வைத்திருந்தது. நழுவி விழுந்த துணி தானாக மடித்துக்கொள்ளுமா? இத்தனை நாளும் இப்படித்தான் கிடந்திருக்கிறது. தண்ணீருக்குப் பாய்கிற அவசரத்தில் நான் கவனிக்கவில்லை.

துணியோடு அடுப்படிக்குப் போனேன். கேட்பதற்கு முன்பே மலிகா அடுப்பை அணைத்தாள்.

"போன வருஷம் என் தம்பி உபைது எறந்தப்ப அவன் வாய இந்தக் கையாலதான் கட்னேன். இதே மாதிரி வெள்ளத் துணி, இதே முடிச்சி. நீங்க அப்டி படுத்துகினு கீறத பாத்தா எனக்கு மையித்துதான் தெரியுது. உசுரோட கீற மனுசனுக்கு எப்டிங்க அத கட்டிவெக்கிறது? அதான் தெனமும் அவுத்தேன்."

"அவுத்தா மூச்சு நிக்கும்னு தெரியாதா உனுக்கு?"

"நின்னா நான் தட்டி எழுப்புவேன். முழிச்சிகினுதான கீறேன்."

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் வாய் காய்கிறதை விட்டுவிட்டு என் பயத்தைத்தான் திட்டுவீர்கள் என்றாள். அது உண்மை. அதனால் கோபம் இன்னும் ஏறியது. அவள் பயத்துக்கு என் கிரேனைக் கொடுத்துவிட்டேனே. டாக்டரிடம் போய் இதைச் சொன்னால் நம்புவாரா? சொல்லத்தான் மானம் விடுமா?

அன்று படுக்கும்போது துணியை அவள் கையில் கொடுத்தேன். "நீயே கட்டு. காலைல நானே அவுப்பேன். அதுவரைக்கும் தொடாத."

வேண்டாங்க என்றாள் ஒரு தரம். நான் மோவாயைத் தூக்கிக் காட்டினேன். கட்டினாள். நான் மாதக்கணக்கில் போட்டும் வராத முடிச்சு அவள் கைக்குச் சட்டென்று வந்தது. இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. அவள் உதடு மட்டும் என்னவோ ஓதிக்கொண்டிருந்தது. எதை ஓதுகிறாள் என்று கேட்க வாய் திறக்க முடியவில்லை.

கட்டி முடித்ததும் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு மகள் உஸ்மாவின் அறைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் வந்து கட்டிவிட்டுப் போகிறாள். என் பக்கத்தில் படுப்பதில்லை.

இப்போது எனக்கு வாய் காய்வதில்லை. விடிந்ததும் நானே அவிழ்த்துக்கொள்கிறேன். பேசத்தான் பக்கத்தில் ஆளில்லை.