கோலுக்குப் பதில் கப்பல்

1968 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, போர்ட் பிளேர்: மரைன் ஹில் அணிக்கும் மாயாபந்தர் அணிக்கும் இடையிலான கால்பந்து இறுதி ஆட்டம், இரண்டாம் பாதியில், ஆட்டக்காரர்கள் இல்லாததால் நிறுத்தப்பட்டது.

ஆட்டத்தின் வர்ணனையாளர் செபஸ்தியான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். கோயில் திருநாளுக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடலாம் என்று ஒரு மைக் செட் வாங்கினார். ஊரில் கல்யாணம் குறைவு, பந்தாட்டம் அதிகம். மைதானத்துக்கு வர முடியாதவர்களுக்கு ஆட்டத்தைக் காது வழியாகக் காட்டினால் என்ன என்று யோசித்தார். மரைன் ஹில் குடியிருப்பு மலையின் மரங்களில் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டி, மைதானம் வரை ஒயர் இழுத்தார். விஞ்ச் வேலையை விட்டார்.

பிறகு ஆட்டத்தைத் துண்டு போட்டு விற்றார். கார்னர் கிக் எல்லாம் உதயசூரியன் டீக்கடைக்கு. "இந்தக் கார்னர் கிக்கை வழங்குபவர்கள், உதயசூரியன் டீக்கடை, ஏலக்காய் உண்டு!" த்ரோ ஒரு சலூனுக்குப் போயிற்று. பெனால்ட்டியை வாங்கிய ஊறுகாய்க்காரர், சீசன் முழுக்க ஒரு பெனால்ட்டிகூட விழவில்லை என்று ரெஃபரியிடம் சண்டைக்குப் போனார். ஃபவுலை வாங்க ஆள் கிடைக்கவில்லை.

மலையில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லாரும் இருந்தார்கள். பொதுவில் இந்தி. செபஸ்தியானுக்குத் தெரிந்தது ஜெட்டி இந்தி. பந்து உயரப் போனால் "ஆபீஸ்! ஆபீஸ்!" என்று கத்துவார், விஞ்சில் சரக்கைத் தூக்கச் சொல்லும் சொல் அது. இறங்கினால் "ஆரியா!" கோல் விழுந்தால் மட்டும் ஜெட்டிச் சொல் எதுவும் போதவில்லை. அந்தத் தீவில் எல்லாரும் ஒரே குரலில் கூவுவது எதற்கு என்று நினைத்துப் பார்த்து, "ஜகாஸ் ஆ கயா!" என்று வைத்துக்கொண்டார். கப்பல் வந்துவிட்டது. ஜனங்களுக்கும் பிடித்திருந்தது.

மைக்குக்கு அனுமதி தரும் அதிகாரி பன்னீர்செல்வத்துக்குத்தான் பிடிக்கவில்லை. திருச்சிக்காரர். ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்ப்பா, பந்து மேல போனா ஆபீஸை எதுக்கு இழுக்கிற?"

"அய்யா, அது தூக்குத ஆபீஸு. நீங்க உக்காருத ஆபீஸு இல்ல."

"எந்த ஆபீஸா இருந்தாலும் சரி. ஒரே ஒரு கலாட்டா ஆச்சு, பர்மிஷன் கேன்சல்."

வீட்டில் அதைச் சொன்னபோது மனைவி லூசி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "ஜெட்டியில கத்துன கத்தலுக்குச் சம்பளமாவது தந்தான். பர்மிசன் போனா அந்தக் குழாயில நான் இட்லி மாவா அரைக்க முடியும்?"

"போவாதுடி. கலாட்டாவுக்கு இதுல என்ன இருக்கு?"

நவம்பரில் கடல் கொந்தளித்தது. மெயின்லேண்டிலிருந்து வர வேண்டிய கப்பல் வரவில்லை. ஊரில் வெங்காயம் தீர்ந்தது, மண்ணெண்ணெய் தீர்ந்தது. மரைன் ஹில் கோல்கீப்பர் திருநாவுக்கரசுக்கு அதைவிடப் பெரிய பஞ்சம். புது மனைவி ஜெயலட்சுமி முதல்முறையாகத் தீவுக்கு வருகிறாள், அதே கப்பலில்.

இறுதி ஆட்டத்தில் வெகுநேரம் கோலே விழவில்லை. இரண்டாம் பாதியில் மரைன் ஹில் அணி ஒன்று போட்டது. செபஸ்தியான் நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"ஜகாஸ் ஆ கயா! ஜகாஸ் ஆ கயா!"

மைதானம் கைதட்டியது. மலையில் வீட்டுக்குள் இருந்தவர்கள் கப்பல் நினைப்பில் பந்தை மறந்து எத்தனையோ நாளாகியிருந்தது. பையும் டின்னும் எடுத்துக்கொண்டு ஃபீனிக்ஸ் பே பக்கம் ஓடினார்கள். மைதானத்தை ஒட்டிய சாலை வழியாகத்தான் ஓட வேண்டும்.

"அரே, க்யா ஹுவா?" என்ன ஆயிற்று என்று மைதானத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஜகாஸ்!"

வர்ணனையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம், அதே சொல்லை டின் தூக்கிய பெண்களின் வாயில் கேட்டதும் நம்பிவிட்டது. வேலியைத் தாண்டிக் குதித்தார்கள். திருநாவுக்கரசு கையுறையைக் கழற்றாமலே ஓடினார். அவர் அணியின் மற்றப் பத்துப் பேரும் பின்னால் ஓடினார்கள். ரெஃபரி, டின் எடுத்துவர வீட்டுப் பக்கம் ஓடினார்.

"எங்க போறிய? கோலுதான்! நான் சொன்னது கோலு!" என்று செபஸ்தியான் மைக்கில் கெஞ்சினார். வெங்காயத்துக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

மாயாபந்தர் அணியில் ஒரு முன்வரிசைக்காரர் மட்டும் மிச்சம். அவர் பந்தை நிதானமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காலிக் கோலுக்குள் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். செபஸ்தியான் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "கோல்" என்று மெதுவாகச் சொன்னார்.

ஜெட்டியில் கப்பல் இல்லை. காலி டின்னுடன் வரிசையில் முதலில் நின்றிருந்தவர் பன்னீர்செல்வம். திங்கட்கிழமை காலை அனுமதி ரத்தானது.

அதன்பின் செபஸ்தியான் தெருவில் தலைகாட்டினால் போதும், யாராவது வாயைக் குவித்துக் கப்பல் போல ஊதுவார்கள். உதயசூரியன் டீக்கடைக்காரர் பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டு ஊதினார். நிஜக் கப்பல்போலவே இருந்தது.

வியாழக்கிழமை, கொட்டுகிற மழையில், கப்பல் வந்தே விட்டது. சங்கு ஊதியது. டீக்கடை அண்டாதான் என்று ஊர் சிரித்தது. மூட்டை இறக்கும் ஆட்கள்கூட வரவில்லை. பன்னீர்செல்வமே குடையுடன் செபஸ்தியான் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"மைக்கை ஜெட்டியில வச்சு நீயே சொல்லிடுப்பா."

"பர்மிசன் இல்லியே, அய்யா."

"நான் நிக்கிறேன்ல, சொல்லு."

ஸ்பீக்கருக்கு ஒயர் இழுத்து முடித்து, செபஸ்தியான் சொன்னார். "ஜகாஸ் ஆ கயா!"

மலையிலிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது. "யாருடா கோல் போட்டது?"

கூடவே பெரிய சிரிப்பு. செபஸ்தியான் மறுபடி கத்தினார். "எத்தனைக்கு எத்தனை?" என்று பதில் வந்தது.

வெங்காயம் வாங்கப் பையோடு வந்திருந்த லூசி, "இங்க தாங்க" என்று மைக்கைப் பிடுங்கினாள்.

"ஏ, மலையில இருக்கவங்களே! ப்யாஜ் ஆ கயா! வெங்காயம் இறங்குது. மண்ணெண்ணெய் இறங்குது. பச்சைப் பொடவ கட்டுன ஒரு புள்ள டிரங்குப் பெட்டியோட நனைஞ்சுகிட்டு நிக்கி. அந்தக் கோல்கீப்பர் எங்க இருந்தாலும் ஓடி வரவும்!"

இதில் கோல் எதுவும் இல்லை என்று மலைக்குப் புரிந்தது. திருநாவுக்கரசு முதலில் வந்தார். மூட்டை இறக்குகிறவர்கள் அவருக்குப் பின்னால்.

பன்னீர்செல்வம் குடையை லூசிக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதை யாரும்மா சொல்லிக்கொடுத்தா?"

"என்ன வந்திருக்குன்னு சொன்னா வரப்போறாங்க, அய்யா. இவுக எப்பவும் கப்பலத்தான் சொல்லுவாக."

டிசம்பரில் அனுமதி இருவர் பெயரில் புதுப்பிக்கப்பட்டது: பந்தாட்டத்துக்கு செபஸ்தியான், கப்பலுக்கு லூசி. கோல் விழுந்தால் "கோல்" என்றே சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. மறு ஆட்டத்தில் மாயாபந்தர் இரண்டுக்கு ஒன்று என்று வென்றது.