சுவருக்கு அந்தப் பக்கம் ஃபுல் சிக்னல்

கட்டில் மேல் ஒரு கால், தையல் மிஷின் மேல் ஒரு கால். வலது கையில் செல்போன். தலை கூரையில் இடிக்காத குறையாக நின்றுகொண்டிருந்தாள் அன்புச்செல்வி.

"ஏங்க... கேக்குதா?"

"கே... ன்பு... இன்னா சொ..."

அவ்வளவுதான். செத்துப்போனது.

இது இரண்டாவது சிம். முதல் சிம் மெகாடெல், திங்கட்கிழமையே கையை விரித்துவிட்டது. இரண்டாவது ஹலோ ஒன். இன்று புதன், மணி பதினொன்று. நாளை சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டுக்குள் ஒழுங்காகப் பேசக்கூடிய ஒரு நம்பரை அவள் ஆபீசுக்கு அனுப்பியாக வேண்டும்.

இல்லாவிட்டால்? ரயில்.

அந்த ரயிலை நினைத்தாலே அவளுக்குக் கொட்டாவி வரும். ஏழு வருடமாக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, இருட்டில் குளித்து, மாரிக்குப்பத்தில் ஓடி ஏறி, பெங்களூரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய், கோபமாகப் பேசுகிறவர்களுக்கெல்லாம் போனில் பணிவாகப் பதில் சொல்லி, இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பும் பிழைப்பு. இப்போது கம்பெனி ஒரு கதவைத் திறந்திருக்கிறது. பத்து பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். அதற்கு ஒரு டெஸ்ட். வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு மேனேஜர் மனோகர் கூப்பிடுவார், அரை மணி நேரம் பேசுவார். நடுவில் லைன் அறுந்தால் அவுட். பின்னால் சந்தைக் கடை சத்தம் கேட்டாலும் அவுட். அடுத்த வாய்ப்பு அடுத்த வருடம்.

அவள் மூன்று நாள் லீவு போட்டுவிட்டுக் கூரையோடு போராடுவது இதற்காகத்தான். வயர் இழுத்து நெட் போடலாம் என்றால், வயர்க்காரன் இன்னும் அவர்கள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் பகுதிக்குக் கம்பமே நடவில்லை. சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய அவர்களுடைய லைன் வீடுகள் இருப்பது பள்ளத்தில். பின்னால், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் மலை மாதிரி குவிந்த சயனைட் மேடு. டவர்கள் மேட்டுக்கு அந்தாண்டை. தெருவில் நின்றால் நாலு கோடு, வாசற்படியில் இரண்டு, உள்ளே வந்தால் ஒன்றுமில்லை.

அன்புச்செல்வி கீழே குதித்தாள். தெருவுக்கு ஓடினாள். புருஷன் சித்தார்த்தை மறுபடி பிடித்தாள்.

"ஹலோ ஒன் சூப்பருன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சூப்பர்தான்மா! ஒயிட்ஃபீல்டுல அஞ்சு கோடு கீது. ரயில்ல ஒரு தபா கட் ஆனதில்ல."

"நம்ம ஊட்ல?"

"ஊட்லயா? ஊட்ல நான் எப்ப பேசினேன்? வர்றேன், துன்றேன், தூங்கறேன்."

அன்புச்செல்வி நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு வாரமாக அவள் யாரையெல்லாம் விசாரித்தாள்? ரயிலில் எதிர்சீட்டுக்காரி. பக்கத்து சீட்டுக்காரி. கதவோரம் தொங்கும் நாலு பேர். அத்தனை பேரும் சத்தியம் பண்ணாத குறையாகச் சிபாரிசு செய்தார்கள். அத்தனை பேரும் விடியுமுன் கிளம்பி இருட்டிய பின் வருகிறவர்கள். வீட்டுக்குள் நின்று போன் பேசிய அனுபவம் ஒருத்தருக்கும் கிடையாது! அவர்களுக்கு வீடு என்பது சார்ஜ் போடும் இடம்.

அப்படியானால் கேட்க வேண்டியது யாரை? பகல் முழுக்க வீட்டைவிட்டு நகராத ஆளை.

யோசித்துக்கொண்டே உள்ளே வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இன்னாடி கொழம்பு?... முருங்கக்காயா?... புளி எம்மா போட்ட?"

ஜானகி.

அன்புச்செல்வியின் கை தானாகச் சப்பாத்திக் கட்டையைத் தேடியது. பழக்கதோஷம். லைன் வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. அந்த வழியாக ஜானகியின் குடும்ப விவகாரம் முழுக்க இந்தப் பக்கம் இறங்கும். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவள். கை தைக்கும், வாய் ஹுப்ளியில் இருக்கும் மகள் மமதாவோடு பேசும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அன்புச்செல்விக்குத் தூக்கம். அன்றும் ஆறு மணிக்கே ஹுப்ளி ஆரம்பித்துவிடும். அப்போது சப்பாத்திக் கட்டையால் சுவரில் ஒரே ஒரு தட்டு.

ஒரு தட்டு என்றால் நிறுத்து. தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்டில், ஆட்களைச் சுமக்கும் கூண்டான கேஜை இறக்கி ஏற்றியபோது அடித்த மணிக்கணக்கு அது. ஒன்று, நிறுத்து. மூன்று, ஆள் ஏறுகிறது. சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் லைனில் அது தெரியாத ஆள் இல்லை. ஜானகிக்கும் புரிந்தது. அதிலிருந்து எட்டு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, தட்டு மட்டும்தான்.

கட்டையை ஓங்கியவள், பாதியில் நிறுத்தினாள்.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பத்து நிமிடம். இருபது. நாற்பத்திரண்டு நிமிடம். முருங்கைக்காய் முடிந்து, மாமியார் வந்து, மாமியாரின் மூட்டுவலி வந்து, கடைசியில் "வெச்சிரட்டா?" வந்தது.

ஒரு தடவைகூட 'ஹலோ' இல்லை. 'கேக்குதா' இல்லை. 'இரு, வெளிய வர்றேன்' இல்லவே இல்லை!

எட்டு மாதமாகத் தலையணைக்குள் காதைப் புதைத்துத் தப்பிக்கப் பார்த்த அந்தக் குரல்தான் இந்த லைனிலேயே அறுபடாத ஒரே போன் கால். அன்புச்செல்வி கட்டையை மேடையில் வைத்தாள். தலையைக் கோதிக்கொண்டாள். எதிரியின் கோட்டையை நோக்கி நடந்தாள். மொத்தம் ஆறு அடி தூரம்.

கதவு திறந்தது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஜானகி பார்த்தாள்.

"யாரு? ஓ, செவுரு தட்றவங்களா? வழி மாறி வந்துட்டியாம்மா? உன் செவுரு அந்தாண்ட கீது."

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. தட்டாம கேளு."

"நீங்க இன்னா சிம்மு வெச்சினு கீறீங்க?"

ஜானகியின் கையில் ஊசி நின்றது. "இன்னாத்துக்கு? கம்பெனிக்குப் போன் போட்டு என் லைனைக் கட் பண்ணச் சொல்லவா?"

"ஐயோ, இல்லக்கா!"

அன்புச்செல்வி எல்லாவற்றையும் கொட்டினாள். ரயில், டெஸ்ட், மனோகர், இரண்டு சிம், கட்டில், தையல் மிஷின். கேட்டு முடித்த ஜானகி ஐந்து விநாடி பேசாமல் இருந்தாள். அப்படி ஒரு காட்சியை அன்புச்செல்வி பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நாலு மணிக்கு உன் ஊட்ல பக்கெட்டு உருளும்," என்றாள் ஜானகி மெதுவாக. "அப்பால குக்கர். அப்பால உன் புருஷன் சாக்ஸு காணோம்னு கத்துவான். ஏழு வருசமா எனக்கு அதான் அலாரம். நான் எப்பனா தட்டினனா?"

"இல்லக்கா," என்றாள் அன்புச்செல்வி. "தப்புதான்."

"இன்னா தப்பு? பாவம், ரயிலப் புடிக்கட்டும்னு கெடப்பேன். இந்தா." மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். பட்டன் போன். "தட்சிண் சிம்மு. எடுத்துனு போய் உன் ஊட்ல பேசிப் பாரு."

"தட்சிணா? அது இன்னும் உயிரோட கீதா?"

"நானும் அதுவும் உயிரோடதான் கீறோம். போ."

ஹாலில் பேசினாள், கேட்டது. பீரோவுக்குப் பின்னால் பேசினாள், கேட்டது. சமையற்கட்டில் அடுப்புக்குக் கீழே குனிந்து பேசினாள், கேட்டது. கடைசியாகப் பாத்ரூமுக்குள் போய்ப் பேசினாள்.

"எங்கமா கீற? பக்கத்துல நின்னு பேசற மாதிரி கீது!" என்றான் சித்தார்த்.

"பாத்ரூம்ல!" என்றாள் அவள், அழுகை வரும் அளவு சந்தோஷத்தில்.

மறுநாள் காலை ஆண்டர்சன்பேட்டையில் ஹரோல்டின் மொபைல் கடை. ஹரோல்ட் பளபளவென்று நாலு சிம் பேக்கை மேஜையில் பரப்பினார்.

"ஃபுல் டேட்டா. சினிமா பாக்கலாம், கேம் ஆடலாம்..."

"ஊட்டுக்குள்ள நின்னு அர மணி நேரம் பேசலாமா?"

"ஸ்கெலட்டனா? கொஞ்சம் தெருவுக்கு வந்தா..."

"தட்சிண் குடுங்க."

ஹரோல்ட் நிமிர்ந்தார். "மேன்! அத கேட்டு ஒருத்தர் வந்து எவ்ளோ நாளாச்சு!" டிராயரின் அடியிலிருந்து ஒரு கவரை எடுத்துத் தூசி தட்டினார். "பட், யூ ஆர் ரைட். அவங்க டவர் மட்டும் மேட்டுக்கு உங்க பக்கம், பழைய ஷாஃப்டாண்ட நிக்குது. யாரு சொன்னா?"

"எங்க பக்கத்து ஊட்டு அக்கா," என்றாள் அன்புச்செல்வி. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்கு சிம் உயிர் பெற்றது. நாலு மணிக்கு நம்பர் ஆபீசுக்குப் போனது. நாலு ஐந்துக்குத்தான் அந்த இடி தலையில் விழுந்தது.

சத்தம்!

லைன் கிடைத்துவிட்டது. ஆனால் பதினோரு மணி என்பது மமதா நேரம். ஒரு முழ இடைவெளி வழியாக முருங்கைக்காய்க் குழம்பு மனோகர் சாரின் காதில் விழுந்தால்?

மறுபடி ஆறு அடி நடை.

"அர மணி நேரமா?" ஜானகி நெஞ்சில் கை வைத்தாள். "வாயத் தொறக்காமயா? ஆவாதும்மா. எனக்கு ஜொரம் வந்தப்பகூட அப்டி இருந்ததில்ல."

"அக்கா, நாளைக்கு மட்டும்..."

"நாளைக்கு மட்டுமா? பாஸாயிட்டா தெனம் பேசுவியே, அப்ப?" ஜானகி விரலை மடக்கினாள். "ஷிப்ட் போட்டுக்கலாம். மத்தியானம் ஒரு மணிக்கு உனக்குச் சாப்பாட்டு டைம். அப்ப என் ஷிப்ட். சாயந்தரம் உன் வேலை முடிஞ்சா எனக்கு ஓவர்டைம். நாளைக்கு ஒண்ணு பண்றேன். வாய் நெறய வெத்தல போட்டு அடக்கிக்கறேன். துப்பினாதான பேச முடியும்?"

வெள்ளிக்கிழமை. பத்து ஐம்பத்தொன்பது. அன்புச்செல்வி ஜன்னலோரம் நாற்காலியில். எதிரே ஒரு டம்ளர் தண்ணீர். லைன் முழுக்க நிசப்தம்.

மணி அடித்தது.

"குட் மார்னிங், அன்புச்செல்வி. கேக்குதா?"

"ரொம்ப கிளியரா கேக்குது சார்."

ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மனோகர் கோபக்கார வாடிக்கையாளராக மாறிக் கத்தினார். அவள் பணிவாகப் பதில் சொன்னாள். பதினைந்து, இருபது. ஒரு சொல்கூட அறுபடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

இருபத்து மூன்றாவது நிமிடம். தெருமுனையில் கேட்டது.

"தக்காளீ! வெங்காயம்! கேரட்டு, பீன்ஸூ!"

ஆட்டோ. தலையில் ஸ்பீக்கர். நேராக இந்தப் பக்கம்தான் வருகிறது.

போனை வைக்க முடியாது. எழுந்து போய்க் கத்தவும் முடியாது. அன்புச்செல்வி ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. ஜானகி தெருவில் பாய்ந்தாள். இரண்டு கையையும் அகல விரித்து ஆட்டோவுக்கு முன்னால் நின்றாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. டிரைவர் என்னவோ கேட்டான். பதில் சொல்ல வாய் இல்லை. ஸ்பீக்கரைக் காட்டினாள், காதைக் காட்டினாள், அன்புச்செல்வியின் வீட்டைக் காட்டினாள், கடைசியில் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். ஸ்பீக்கர் நின்றது. அவன் சும்மா போய்விடக் கூடாதே என்று முந்தானையை விரித்துத் தக்காளியைக் காட்டினாள். அவன் எடை போட்டான். அவளால் போதும் என்று சொல்ல முடியாததால் அவன் போட்டுக்கொண்டே இருந்தான்.

"அன்புச்செல்வி? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"சிரிக்கிற மாதிரி இருக்கே?"

"கஸ்டமர்கிட்ட எப்பவும் சிரிச்ச மொகமா பேசணும்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க."

மறுமுனையில் மனோகரும் சிரித்தார். "லைன் சுத்தமா இருக்கு. சத்தமே இல்ல. திங்கட்கிழமையிலேர்ந்து வீட்லேர்ந்தே லாகின் பண்ணுங்க. கங்கிராட்ஸ்."

போனை வைத்ததும் அவள் செய்த முதல் காரியம், சப்பாத்திக் கட்டையை எடுத்தது. சுவரில் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

ஆள் ஏறியாச்சு.

அந்தப் பக்கம் யாரோ அவசரமாகத் துப்பும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கூவல். "எனக்குத் தெரியும்டி! சாயந்தரம் வா, தக்காளித் தொக்கு! ஆறு கிலோ கீது!"

அன்புச்செல்வி கட்டிலில் விழுந்து சித்தார்த்தைக் கூப்பிட்டாள். "பாஸாயிட்டேங்க! இனிமே நாலு மணிக்கு எந்திரிக்க மாட்டேன்! பக்கெட்டு உருளாது! உங்க சாக்ஸ நீங்களே தேடிக்கோங்க! கேளுங்க, நடுவுல ஒரு ஆட்டோ வந்துச்சு பாருங்க..." ஒன்றை விடாமல் முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். சொல்லி முடித்து, இன்னொரு தரம் முதலிலிருந்து தொடங்கினாள். குரல் கூரையில் முட்டியது. ஒரு 'ஹலோ' இல்லை, ஒரு 'கேக்குதா' இல்லை. மணி ஒன்றைத் தாண்டி ஜானகியின் ஷிப்ட் தொடங்கிவிட்டதையும் கவனிக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு தட்டு விழுந்தது.