மிஞ்சிப்போன பூச்செண்டு

1

இந்தக் கதை பிறக்க முழுக் காரணம் நான்தான். பூக்கடைக்காரி ஒரு செண்டைக் கூடுதலாக அனுப்பியது துணைக் காரணம். கால்பந்து சீசனின் கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில் வரும்போது, கிளப்பை விட்டுப் போகிறவர்களை நடுவில் நிறுத்திப் பூச்செண்டு கொடுப்பது ஜெர்மனியில் எங்கள் ரூர் பக்கத்து வழக்கம். நான் மைதானத்து அறிவிப்பாளன்; மைக் என் கையில். பெயர்களைச் சொல்லி முடித்தும் ஒரு செண்டு மிச்சம். வரிசையின் ஓரத்தில் பயிற்சியாளர் வோல்க்மர் சும்மா நின்றிருந்தார்.

"நம் வோல்க்மருக்கும் நன்றி! எங்கிருந்தாலும் வாழ்க!"

கூட்டம் எழுந்து கைதட்டியது. அவரும் வாங்கிக்கொண்டார். அவர் போவதாக யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

2

வோல்க்மரைப் பற்றி முதலில் இப்படித்தான் எழுதத் தொடங்கினேன்: "பதின்மூன்று ஆண்டுகள் நடுக்களத்தை ஆண்ட அந்தச் சிங்கம்..."

வேண்டாம். சிங்கமெல்லாம் இல்லை. எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பார், பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பார். அவ்வளவுதான் அவர் ஆட்டம். இரண்டாம் பிரிவில் ஆடிய காலத்துப் பத்திரிகைப் படங்களில், கோல் அடித்தவனுக்குப் பின்னால் ஒரு முழங்கை தெரியும். அது வோல்க்மர். முழங்கால் போன பிறகு, ஆறாம் பிரிவில் தத்தளித்த எங்களிடம் பயிற்சியாளராக வந்தார். ஜெயித்தால் பசங்களை நிருபர் முன்னால் தள்ளிவிடுவார். தோற்றால் தானே போய் நிற்பார்.

(இந்தப் பத்தியில் ஈரம் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

கிளப் தலைவி கெர்லிண்ட், வோல்க்மர் தானாக விலகுகிறார் என்று நினைத்தார். அவரோ, தன்னைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்தார். இரண்டு பேரும் ரோஷக்காரர்கள். ஒருவரையொருவர் நேரில் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஏன்யா மைக்கு, போற மனுஷன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கெர்லிண்ட் என்னிடம் பொருமினார். "நாளைக்கு வேற ஆளோட பேசப்போறேன்."

"அது வந்து, அந்தப் பூ..." என்று ஆரம்பித்தேன். வாயை வைத்தே பிழைப்பவன், அன்று பாதியில் பேச்சை மாற்றி நழுவினேன்.

4

முடிவு அ: பெரிய கிளப் ஒன்று அவரைக் கொத்திக்கொண்டு— பொய்.

முடிவு ஆ: அறிவிப்பாளரை வேலையை விட்டுத் தூக்குகிறார்கள். (உங்களுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு இ: நானே போய்க் கேட்கிறேன். எழுதுகிறவனுக்கு இதுதான் கடைசியில் தோன்றுகிறது.

5

சாஸேஜ் கடை வாசலில் வோல்க்மரைப் பிடித்தேன்.

"கோச், உங்கள யாரும் அனுப்பல. செண்டு ஒண்ணு மிஞ்சிடுச்சு. நான்தான் உளறிட்டேன்."

சாஸேஜில் கடுகு விழுது தடவிக்கொண்டிருந்த கை நின்றது. "அடப்பாவி! என் வீட்டுக்காரி அதத் தண்ணில வெச்சு, பாக்குறப்பல்லாம் அழறாய்யா."

"கெர்லிண்ட் நாளைக்கு வேற ஆளோட பேசுறாங்க. நீங்க இருக்கீங்களா, போறீங்களா? இதக் கதையா எழுதுறேன். தெரியலன்னா முடிவ வாசகர்கிட்ட விட்டுரலாம்னு..."

"யாரு, வாசகரா? அவரு வந்து மழையில பசங்கள ஓடவிடுவாரா?"

"மாட்டாரு."

"அப்ப எழுதிக்கோ. நான் போகல. இந்தப் பசங்களோடதான் இருக்கணும். வா, கெர்லிண்ட்கிட்ட நானே சொல்றேன்."